சந்தாவால் எழுந்த ஊர்



சென்னையில் சூளை என்று ஒரு பகுதி இருக்கிறது. சூளைமேடு என்று இன்னொன்று. மதுரையில் காளவாசல். அங்கெல்லாம் ஒரு காலத்தில் களிமண்ணை மிதித்துக் குழைத்து, அச்சில் கல் அறுத்து, காயவைத்து, விறகு அடுக்கிச் சுட்டிருக்கிறார்கள். வளரும் நகரத்தின் ஓரத்தில்தான் சூளை போடுவார்கள். நகரம் அந்த ஓரத்தையும் விழுங்கிவிட்ட பிறகு சூளை போய்விடும், பெயர் தங்கிவிடும். கோலாலம்பூரில் நம்முடைய பிரிக்பீல்ட்ஸும் அப்படித் தங்கிவிட்ட பெயர்தான். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. இந்த ஊருக்குப் பெயர் தந்த சூளைகளைப் போட்டவர்கள் சீனர்கள். நம்மவர்கள் வந்தது சூளையைத் தேடி அல்ல, ரயிலோடு.

அரை மணி நேரம் நடந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். இவ்வளவு சின்ன இடத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கக்கூடும். நான் பிறந்து வளர்ந்த இடம் என்பது ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன். என் தாத்தா தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து தண்டவாளப் பாதையில் கேங் வேலை பார்த்தவர். என் அப்பா நீராவி எஞ்சினில் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியை அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்து, பிறகு ஓட்டுநரானவர். நான் கண் விழித்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆனால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு அதைவிட முக்கியமான காரணம், நெடுநாளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு கேள்வி. பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே வரிசைகளில் மூன்று தலைமுறை வாழ்ந்த எங்களில் பெரும்பாலோருக்கு அந்த மண்ணில் ஒரு சதுர அடிகூடச் சொந்தமில்லை. அப்படியிருந்தும் அது எங்கள் ஊராக எப்படி ஆயிற்று?

அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்னால், ஊர் தோன்றிய வகையைச் சொல்லிவிடுகிறேன்.

கோலாலம்பூர் என்ற மலாய்ப் பெயரில் 'குவாலா' என்றால் ஆறு சேரும் முகம், 'லும்புர்' என்றால் சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில், 1857-இல், கிள்ளானின் மலாய்த் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் படகை விட்டு இறங்கி, ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். அவர்களில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியவர்களுக்கு அரிசியும் சாமானும் இறக்கிய படகுத்துறைதான் கோலாலம்பூரின் கரு. 1880-இல் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. தலைநகர் என்ற பெயர்தானே தவிர, ஊரில் இருந்தவை எல்லாம் மரச்சுவரும் ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரையும். 1881 ஜனவரியில் தீ பிடித்து ஊர் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து, மீண்டும் கட்டியதையும் அடித்துக்கொண்டு போனது. ஓராண்டுக்குள் நெருப்பும் நீரும் சேர்ந்து ஊரை இருமுறை துடைத்துவிட்டன.

1882-இல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிக் கட்டும் கட்டடங்கள் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் இருக்க வேண்டும் என்றார். அத்தனை செங்கல்லுக்கு எங்கே போவது? அதற்காகச் சீனர்களின் தலைவரான 'கப்பித்தான்' யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய நிலப்பரப்பை வாங்கினார். ஆற்றோரத்து மண் சூளைக்குப் போயிற்று. சேற்றின் பெயரைத் தாங்கிய ஊர், அந்தச் சேற்றையே சுட்டுத் தனக்குச் சுவர் எழுப்பிக்கொண்டது. யாப் ஆ லோய் 1885-இல் காலமானார். அவர் கண்ட அத்தாப்புக் கூரை ஊர் அதற்குள் உருமாறத் தொடங்கியிருந்தது.

இனி ரயில். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் கதை தொடங்குவது இங்கேதான்.

ரயில் வருமுன் கோலாலம்பூர் ஈயம் கடலுக்குப் போன வழி மிகவும் கடினமானது. கிள்ளான் ஆறு வளைந்து வளைந்து ஓடுவது, ஆழமில்லாத இடங்களும் மரக்கட்டைகள் கிடந்த இடங்களும் நிறைய. அதனால் கொஞ்ச தூரம் மாட்டு வண்டியில் சேற்றுப் பாதை வழியாகத் தமன்சாரா வரை, அங்கிருந்து படகில் கிள்ளான் வரை என்று கைமாறிப் போகும். மழைக்காலத்தில் சக்கரம் அச்சுவரை புதையும். ஈயம் கனமான பண்டம். அதன் விலையில் ஒரு நல்ல பங்கைப் பாதையே தின்றுவிட்டது. ஏற்கெனவே பேராக்கில் 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல் பாதை திறக்கப்பட்டிருந்தது. மலாய் நாட்டின் முதல் ரயில் அது. அதைப் போட வந்தவர்களில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைப் பிரிவினரும் உண்டு. அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பர் 15-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை ஏறக்குறைய 20 மைல் பாதை திறக்கப்பட்டது. ஆற்றின்மேல் பாலம் எழுந்து, 1890-இல் ரயில் கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது.

இந்தப் பாதைக்கு வேண்டிய மண் வேலைக்கு ஆள் சேர்த்ததில் தம்புசாமிப் பிள்ளைக்குப் பெரும்பங்கு உண்டு என்பார்கள். அவர் 1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அங்கிருந்து சிலாங்கூருக்கு வந்து, ஈயச் சுரங்கத்திலும் ஒப்பந்த வேலைகளிலும் பொருள் சேர்த்தவர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலும், பத்துமலையில் முருகன் வழிபாடும், 1893-இல் தொடங்கிய விக்டோரியா பள்ளியின் அறங்காவலும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. பத்துமலைத் தைப்பூசம் 1892-இல் தொடங்கியது. அப்போது இங்கே தமிழர் எத்தனை பேர், யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். சுரங்கச் சாமான் இறக்கியவர்கள், சாலை போட்டவர்கள், தண்டவாளத்துக்கு மண் வெட்டியவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை.

ரயில் என்பது பாதை போட்டதோடு முடிவதில்லை. பாதையைப் பார்த்துக்கொள்ளக் கேங் ஆட்கள் வேண்டும். எஞ்சினைக் கழுவ, எண்ணெய் போட, கரி ஏற்ற ஆட்கள் வேண்டும். பாதை மாற்றும் பாயிண்ட்ஸ்மேன், கொடி காட்டும் கார்டு, சீட்டுக் கொடுக்கும் கிளார்க், தந்தி அடிப்பவர், ஸ்டேஷன் மாஸ்டர், கணக்கர் என்று வரிசை நீளும். ஊருக்கு அருகில், ஆற்றங்கரையில், சமதளமாக இருந்த இந்தச் சூளை நிலத்தின் பக்கத்தில் ரயில் பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய யார்டு அமைந்தது. மத்தியப் பட்டறை பின்னாளில் செந்தூலுக்குப் போய், அங்கே இன்னொரு தமிழ்க் குடியிருப்பை உண்டாக்கியது. யார்டு இங்கேயே நின்றது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

எழுத்து வேலைக்கு ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். இதற்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து மிஷன் சபையார் யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகப் பள்ளிகள் வைத்தார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கே கற்பிக்கப்பட்டன. இரண்டு தலைமுறைக்குள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த இளைஞர்கள் நிறையப் பேர் உருவாகிவிட்டார்கள். வேலையோ அந்த அளவுக்கு இல்லை. பனையும் புகையிலையும் நம்பிய சின்ன நிலம் அத்தனை பேரைத் தாங்காது. அதே சமயம் மலாய் நாட்டில் ரயிலும் தபாலும் கருவூலமும் கிளார்க்குகளைத் தேடின. பின்பு நடந்ததை யாழ்ப்பாணத்தார் ஒரு சொல்லில் சொல்வார்கள்: மணியோடர் பொருளாதாரம். பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷன் மாஸ்டரின் சம்பளம் மானிப்பாயில் கல்வீடாக எழுந்தது. அங்கே 'மலாயன் பென்சனியர்' என்பது ஓர் அந்தஸ்து.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

குடியேறிகள் ஊர் கட்டிய கதைகளை உலகம் முழுவதும் படிக்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் பென் 1681-இல் அரசரிடம் சாசனம் பெற்று, நிலத்தைப் பிரித்து விற்றார். அங்கே போனவர் கையில் ஒரு பத்திரம் இருந்தது. அதன்மேல் வீடு, வீட்டின்மேல் வாரிசு, வாரிசின்மேல் ஊர் என்று அடுக்கடுக்காகக் கதை எழும். பின்னாளில் அதே மாநிலத்தில் 1849-இல் ரயில்வே கம்பெனி தன் பட்டறைகளுக்காகவே அல்டூனா என்ற ஊரை உண்டாக்கியது. ரயிலுக்காகப் பிறந்த ஊர் என்ற வகையில் பிரிக்பீல்ட்ஸ் அல்டூனாவுக்கு உறவு. ஆனால் எங்களவர் கையில் பத்திரம் இல்லை. இருந்தது வேலை உத்தரவு. அந்த உத்தரவில் எந்த கிரேடு என்று எழுதியிருக்கும். கிரேடு எதுவோ அதற்கேற்ற குவார்ட்டர்ஸ். கேங் ஆட்களுக்கு லயம், கிளார்க்குக்கு வரிசை வீடு, ஆபீசருக்குத் தோட்டத்தோடு பங்களா. பதவி உயர்ந்தால் வீடு மாறும். இடமாற்றம் வந்தால் இரண்டு வாரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கெமாசுக்கோ ஈப்போவுக்கோ போக வேண்டும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

1905-இல் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' இங்கே பலருக்கு நினைவிருக்கும். ரொசாரியோ தெருவிலும் சான் ஆ தோங் தெருவிலும் நின்ற அந்த வரிசை வீடுகளில் ரயில்வேக்காரர்களும் பிற அரசு ஊழியர்களும் இருந்தார்கள். ஒரு வீட்டில் யாழ்ப்பாணத் தமிழர், அடுத்ததில் மலையாளி, அதற்கடுத்ததில் சிங்களர், எதிரே பஞ்சாபி. மாலையில் பின் சந்து வழியாகப் பாத்திரங்கள் கைமாறும். எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு போகும், பக்கத்து வீட்டுச் சொதி வரும். சொதி என்ற சொல்லையே நான் கற்றது அந்தச் சந்தில்தான்.

1970-இல் என் அப்பா ஓய்வு பெற்றார். கடைசி நாள் காலையில் அம்மா வீட்டைக் கழுவி, வாசலில் கோலம் போட்டார். இன்னொருவருக்குப் போகப்போகும் வீட்டுக்கு எதற்கம்மா கோலம் என்று கேட்டேன். வருகிறவர்கள் வெறும் வாசலில் கால் வைக்கக் கூடாது என்றார். அப்பா சாவியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஊரில் வீடு தொடர்பாக அவரிடம் மிஞ்சிய ஒரே காகிதம் அந்த ரசீதுதான்.

ஆனால் அவர் இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, வேறு ரசீதுகள் கட்டுக் கட்டாக இருந்தன. கோயில் திருப்பணிக்கு இரண்டு வெள்ளி. பள்ளிக்கூடக் கூரைக்கு ஐந்து வெள்ளி. மரண சகாய நிதிக்கு மாதச் சந்தா. நூலகச் சந்தா. ஆசிரம விழாவுக்கு நன்கொடை. ரயில்வேயில் உடன் வேலை பார்த்த ஒருவரின் பிள்ளை படிப்புக்கு உதவி. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. அந்தக் கட்டைத் தரையில் விரித்துப் பார்த்தபோதுதான் என் கேள்விக்கு விடை புலப்பட்டது. தங்கியிருந்த வீடு அவர்களுடையது அல்ல. தங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்துக் கொடுத்துக் கட்டியவைதான் அவர்களுடையவை. பிரிக்பீல்ட்ஸ் என்ற ஊர் சந்தாப் புத்தகத்தில் எழுந்த ஊர்.

வரிசையாகப் பாருங்கள். சிங்களக் கிளார்க்குகள் 1894-இல் சங்கம் அமைத்துப் பௌத்த மகா விகாரையை உண்டாக்கினார்கள். 1952-இல் அங்கே வந்த தம்மானந்த தேரர், 2006-இல் மறையும் வரை, எல்லா இனத்தாரும் மதித்த துறவியாக வாழ்ந்தார். விவேகானந்தர் 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசியதைக் கேட்ட தலைமுறை மலாய் நாட்டுக்கு வந்தபோது அந்த நினைவையும் கொண்டுவந்தது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில், 1904-இல், இங்கே விவேகானந்த ஆசிரமம் எழுந்தது. அதன் பெயரில் தமிழ்ப் பள்ளியும் வளர்ந்தது. இலங்கைச் சைவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூரை நெஞ்சில் வைத்து ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலைக் கட்டினார்கள். 1706-இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் வழிவந்த தமிழ் லுத்தரன்கள் 1924-இல் சீயோன் ஆலயத்தை எழுப்பினார்கள். மெதடிஸ்ட் சபையின் கென்செட் பாதிரியார் 1897-இல் தொடங்கிய ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளிதான் பின்னாளில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளியாயிற்று. பெரும் செல்வர் ஒருவர் தனியாகக் கட்டித் தந்தவை இவற்றில் குறைவு. மாதச் சம்பளக்காரர்கள் கூடிக் கட்டியவையே மிகுதி.

இந்த இடத்தில் ஒன்றை மழுப்பாமல் சொல்ல வேண்டும். சந்தாப் புத்தகம் எல்லோருக்கும் ஒரே புத்தகமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் புத்தகம் வேறு, இந்தியத் தமிழர் புத்தகம் வேறு. கிளார்க் வீட்டுக்கும் கேங் லயத்துக்கும் நடுவே ஓடிய கோட்டைச் சம்பளம் மட்டும் போடவில்லை, ஊரும் சாதியும் சேர்ந்துதான் போட்டன. என் தாத்தா, ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. அப்பா உட்கார்ந்தார். என் தலைமுறையில் அந்த வீட்டில் பெண் எடுத்தோம். இந்த மாற்றம் தானாக வரவில்லை. ஒரே பள்ளியில் படித்ததும், ஒரே யார்டில் கரி படிந்த சட்டையோடு நின்றதும், போரில் ஒன்றாகப் பசித்ததும் அதைக் கொண்டுவந்தன. ஆதலால் பழைய பிரிக்பீல்ட்ஸை எல்லோரும் ஒரு தாய் மக்களாய் வாழ்ந்த சொர்க்கமாக வரையும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த மனிதர்கள் தாண்டி வந்த தூரத்தை அவை குறைத்துவிடுகின்றன.

இந்த ஊரைத் தனியாகப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மறுபாதி பாதையின் அடுத்த முனையில் இருக்கிறது.

1901 செப்டம்பர் 15-இல் கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. நாம் இன்று கிள்ளான் துறைமுகம் என்பது அதைத்தான். சதுப்புக் காட்டை வெட்டி எழுப்பிய அந்தத் துறைமுகம், திறந்த இரண்டே மாதத்தில் மலேரியாவில் முடங்கியது. அதை மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு மருத்துவராக வந்திருந்தார் மால்கம் வாட்சன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1897-இல், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்திருந்தார். வாட்சன் அந்த அறிவை மண்வெட்டியாக மாற்றினார். நீர் தேங்கிய இடங்களை வடித்தார், புதர்களை அழித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் தணிந்தது. ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்பு ஊரைக் காப்பாற்றிய முதல் சில இடங்களில் கிள்ளான் ஒன்று. வடிகால் வெட்டிய கைகளில் தமிழ்க் கைகள் நிறைய உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் துறைமுகம் பிழைத்ததால்தான் நம் கப்பல்கள் வந்தன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயர் தெரியாத பழைய குடும்பம் நம்மில் இருக்காது. என் அத்தை ஒருத்தி ரஜூலாவை 'அவள்' என்றே சொல்வார். 'அவள் வந்தாள், அவளோடு வெங்காயமும் வந்தது, அண்ணனும் வந்தான்' என்பார். இறங்கியவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். சிலர் ரயிலேறி இங்கே வந்தார்கள். எனவே துறைமுகம், கிள்ளான், வழியில் இருக்கும் பத்து தீகா, பிரிக்பீல்ட்ஸ் எல்லாம் ஒரே நூலில் கோத்த மணிகள். தோட்டத்தில் கஷ்டம் என்றால் அண்ணன் யார்டுக்கு வந்து வேலை கேட்பான். யார்டில் வேலை போனால் தம்பி தோட்டத்துக்குப் போவான். தைப்பூசத்துக்குச் சிறப்பு ரயில் விடுவார்கள். அன்று கிள்ளான் காவடியும் பிரிக்பீல்ட்ஸ் காவடியும் ஒரே பெட்டியில் போகும்.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை இந்த அவையில் நினைக்காமல் போக எனக்கு மனமில்லை. தமிழ் நேசன் ஏட்டில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கிள்ளான் இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளரை ஒன்று திரட்டினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். இந்த மூன்றாவது கோரிக்கையை நான் மறக்க மாட்டேன். கூலிக்குச் சமமாக அவர்கள் வைத்தது, சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமை. மே மாதம் நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களுக்குப் படை வந்தது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

ஏழெட்டு மாதங்களில் போர் வந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் நுழைந்தார்கள். பாதை போடத் தெரிந்தவர்கள் என்பதே நம்மவர்க்குச் சாபமாயிற்று. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு, தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. 1945 மார்ச்சில் நேச நாட்டு விமானங்கள் ரயில் யார்டைக் குறிவைத்துக் குண்டு வீசின. குறி தவறிச் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி இடிந்தது. அந்த இடத்தில்தான் 1963-இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. அப்பா அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. மரவள்ளிக்கிழங்கை மட்டும் கடைசிவரை தட்டில் தொட மாட்டார்.

விடுதலைக்குப் பிறகான கதையை நீங்களே அறிவீர்கள், விரைந்து சொல்கிறேன். பிள்ளைகள் படித்தார்கள். ஆசிரியராக, வழக்கறிஞராக, மருத்துவராக ஆனார்கள். கடன் வாங்கிப் பெட்டாலிங் ஜெயாவிலும் பூச்சோங்கிலும் வீடு வாங்கினார்கள். குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வர யாருக்கும் வழியில்லை, தேவையும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரோடு, துன் சம்பந்தன் சாலையாயிற்று. இந்தப் பெயர் மாற்றத்தில் எனக்கு ஒரு நிறைவு உண்டு. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வீடும் வேலையும் இழந்து நின்ற தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, அந்தத் தோட்டங்களையே வாங்குவதற்கு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் சம்பந்தன். சந்தாப் புத்தகத்தால் கோயில் கட்டியவர்களுக்கு, அதே புத்தகத்தால் மண்ணையும் வாங்கலாம் என்று காட்டியவர். குவார்ட்டர்ஸ் மக்கள் நடந்த தெருவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பழைய யார்டின் 72 ஏக்கரில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். 2015-இல் இந்தியா அளித்த தோரண வாயிலும் வந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸை இடித்தார்கள். நூறு ஆண்டு கடந்த வரிசை ஒன்றுகூட நிற்காமல் தரைமட்டமாயிற்று. நாங்கள் சிலர் போய்ப் பார்த்தோம். உடைந்த செங்கல் குவியலாகக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்து வந்திருக்கிறேன். அது என் மேசைமேல் இருக்கிறது.

விவேகானந்த ஆசிரமத்தின் கதை வேறாக முடிந்தது. 2014-இல் அங்கே அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிப்பட்டபோது, பல ஊர்களில் வாழும் பழைய பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் ஒன்று திரண்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பேசினார்கள். பின்னர் அது பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. குவார்ட்டர்ஸ் இடிந்தபோது எழாத அளவு குரல் ஆசிரமத்துக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம், ஆசிரமத்தை எங்கள் பாட்டன்மார் கட்டினார்கள். அதன் சுவரில் யாருடைய இரண்டு வெள்ளி இருக்கிறது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

இந்த வரலாற்றை எழுத வேண்டிய மூலங்கள் பெரிய ஆவணக்காப்பகங்களில் மட்டும் இல்லை. அரசாங்க அறிக்கைகள் எத்தனை மைல் பாதை, எத்தனை டன் ஈயம் என்று சொல்லும். யார் பிள்ளைக்கு யார் பள்ளிக் கட்டணம் கட்டினார் என்று சொல்லாது. அதைச் சொல்பவை கோயில் கணக்கு நோட்டுகள், மரண சகாய நிதியின் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் புத்தகங்கள், தகரப் பெட்டியில் கிடக்கும் ரசீதுகள். பல வீடுகளில் இவை தாத்தா காலமான வாரமே குப்பைக்குப் போய்விடுகின்றன. மாணவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் அதைத் திறந்து, ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படமெடுத்து, எந்த ஆண்டு, எவருடையது என்று எழுதி வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நான் என் அத்தையிடம் கேட்கத் தவறிய கேள்விகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை மாலை கேஎல் சென்ட்ரலில் நின்றுகொண்டிருந்தேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து வந்த கொம்யூட்டர் ரயில் நின்றது. 1886-இல் போட்ட அந்த வழித்தடத்தில்தான் அது இன்றும் ஓடுகிறது. பூக்கூடையோடு ஒரு முதிய அம்மாள் இறங்கினார். பின்னால் பேத்தி. எங்கேயம்மா போகிறீர்கள் என்று கேட்டேன். ஷா ஆலத்திலிருந்து வருவதாகவும், ஸ்காட் சாலைக் கோயிலுக்குப் போவதாகவும் சொன்னார். அங்கே பக்கத்தில் கோயில் இல்லையா என்றேன். இருக்கிறது தம்பி, ஆனால் இது அப்பா சந்தா கட்டின கோயில் என்று சொல்லிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.